காருக்கு ஒரு சேறோடி

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வண்டியின் மேற்புறத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்கச் செய்பவர்கள் ஒரு வகை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர்கள் மற்றொரு வகை. 2015-ஆம் வருஷம் வரையில் நாம் முதல் வகையைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு வெள்ளை வேஷ்டியோடு வண்டிக்கு அடியில் படுக்க என்ன அவசியம் என்பது நமது அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை அடையாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நம்முடைய வண்டி புதிதன்று. 1984-ஆம் வருஷத்தில் நம் தகப்பனார் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். அவர் காலமான பிறகும் அதை விற்க நமக்கு மனம் வரவில்லை. எந்தக் கம்பெனியில் செய்த வண்டி என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நாம் சொல்லவந்த குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதன்று.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு, அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டைத் தெருக்களில் புகுந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். நம் வண்டி ஆசனம் வரையில் நீரில் மூழ்கி இரண்டு நாள் நின்றது. வெள்ளம் வடிந்ததும் ஒரு பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். எஞ்சின் எண்ணெய், கியர் பெட்டி எண்ணெய், பின் அச்சு எண்ணெய் எல்லாம் மாற்றியதாகப் பில் எழுதிக் கொடுத்தார்கள். நாமும் அதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டோம். காகிதத்தில் எழுதியிருப்பது இரும்புக்குள்ளும் நடந்திருக்கும் என்று நம்புவது படித்தவர்களுக்கு உள்ள பெரிய பலவீனம்.

முனகல்

மறு வருஷம் மே மாதம் ஓர் உறவினர் கல்யாணத்துக்காகத் தாயாரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு காஞ்சீபுரம் சென்றோம். திரும்பி வருகையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும், வண்டியின் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். "யாரோ ஸ்ருதிப்பெட்டி வாசிக்கிற மாதிரி இருக்கிறதே!" என்றார் தாயார். எட்டு வயதுப் பெண்ணுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நமக்கு வேடிக்கையாக இல்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு சந்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் அதிகம் பேசவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சின் உருண்டைப் பாகத்தில் இருந்த ஒரு திருகு மூடியைக் கழற்றினார். சுண்டு விரலை உள்ளே விட்டு எடுத்து நம்மிடம் நீட்டினார்.

"இது என்ன நிறம், ஸார்?"

"காப்பி நிறம்" என்றோம்.

"பால் விட்ட காப்பி நிறம். டிகாக்ஷன் நிறமாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்."

"ஆனால் டிசம்பரிலேயே எண்ணெய் மாற்றிவிட்டார்களே?"

"எதன் வழியாக மாற்றினார்கள் என்று கேட்டீர்களா?" என்றார் அவர்.

நாம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. அப்பொழுதுதான் முதன் முறையாக வண்டிக்கு அடியில் படுத்தோம்.

அச்சின் உள்ளே என்ன இருக்கிறது?

வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கனத்த இரும்புக் குழாயை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதன் நடுவே தம்புராவின் குடம் போல ஓர் உருண்டைப் பாகம் புடைத்துக்கொண்டிருக்கும். மேல்நாட்டார் பாஞ்சோ என்ற தங்கள் வாத்தியத்தை நினைத்து, இவ்வகைக் கூட்டுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் அதை 'ஹவுசிங்' என்பார்கள்.

அந்தக் குடத்துக்குள் தாம்பாளம் போன்ற ஒரு பெரிய பற்சக்கரம் இருக்கிறது. அதற்குப் பெயர் கிரவுன். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் உள்ள சிறு பற்சக்கரம் பினியன். பினியன் சுழன்று கிரவுனைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்திருக்கும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு, வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகமாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழல இடம் கொடுக்கிறது. பிரான்ஸ் தேசத்து ஒனெசிஃபோர் பெக்கூர் என்பவர் 1828-ஆம் வருஷத்திலேயே நீராவி வண்டிக்காக இந்த அமைப்புக்கு உரிமை பெற்றார்.

பழைய வண்டிகளில் பினியன், கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இருந்தது. 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி, பினியனை மையத்துக்குக் கீழே தள்ளி அமைக்கும் 'ஹைப்பாய்டு' முறையைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. இதனால் தண்டு தாழ்ந்தது. வண்டியின் தளமும் தாழ்ந்தது. ஏறி இறங்குவது சௌகரியமாயிற்று. ஆனால் எந்தச் சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு அல்லவா? இம்முறையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல் வழுக்கித் தேய்த்துக்கொண்டும் செல்கின்றன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் நசுங்கி விலகிவிடும். ஆகையால் கந்தகம் முதலிய சரக்குகள் சேர்ந்த தனி எண்ணெய் வேண்டும். பின் அச்சு எண்ணெயின் மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதுதான்.

இவ்வளவு அருமையான எண்ணெயில் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும்? எண்ணெயின் வழுவழுப்புப் போய்விடும். பேரிங் குண்டுகளில் துரு ஏறும். துருவின் பொடி பற்களுக்கு நடுவே உப்புத்தாள் போல் வேலை செய்யும். நமக்குக் கேட்ட முனகல் அந்த உப்புத்தாளின் சங்கீதம்.

தண்ணீர் நுழைந்த வழியும் விசித்திரமானது. குடத்தின் மேலே காற்றுப் போகவர ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடி வந்த வண்டியின் அச்சு சூடாக இருக்கும். அது திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, துவாரத்தின் வழியாகவும் ஆயில் சீல்களின் ஓரமாகவும் நீர் உறிஞ்சப்படும். வெந்நீரில் கழுவிய டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கவிழ்த்து, சற்று நேரத்தில் உள்ளே நீர் ஏறுவதை நாம் வகுப்பில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். நம் வண்டியும் அதே பாடத்தைப் படிக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் நீரிலேயே நிற்கும் வண்டிக்கோ, சூடு கூட வேண்டியதில்லை. நீர் தானாகவே வழி தேடிக்கொள்ளும்.

அடியில் துளை இல்லை

மெக்கானிக் கையால் தடவிக் காட்டினார். குடத்தில் எண்ணெய் ஊற்றுவதற்குப் பாதி உயரத்தில் ஒரு துளை இருந்தது. வடிப்பதற்கு அடியில் துளையே இல்லை!

டிசம்பரில் நடந்தது இப்பொழுது விளங்கிற்று. அந்தப் பட்டறையில் மேல் துளை வழியாகக் குழாயை விட்டு, பம்பினால் எண்ணெயை உறிஞ்சியிருக்கிறார்கள். குழாயின் நுனி கிரவுனில் இடித்துக்கொண்டு அடிவரை சரியாகப் போகாது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அது அடியில் போய்த் தங்கும். ஆகவே பம்பு, மேலே மிதந்த எண்ணெயைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, எடுக்கவேண்டிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டது. அதன்மேல் புது எண்ணெயை ஊற்றி மூடிவிட்டார்கள். பில்லில் எழுதியது பொய்யன்று. ஆனால் மெய்யும் அன்று.

இப்படித் துளையில்லாமல் ஏன் செய்கிறார்கள் என்று பிற்பாடு விசாரித்தோம். சில வண்டிகளில் அச்சின் பின்புறத்தில் போல்ட்டுகளால் மாட்டிய மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் வடிந்துவிடும். அவற்றுக்குத் துளை இல்லாதது பெரிய குறையன்று. குடத்தின் பின்புறம் ஒரே தகடாகப் பற்றவைக்கப்பட்ட வண்டிகளுக்குத்தான் கஷ்டம். அவற்றில் எண்ணெயை முழுவதும் வடிக்கவேண்டுமானால், இரு பக்கத்து ஆக்ஸில் ராடுகளையும் உருவி, முன்புறமாகக் கிரவுன் செட்டையே கழற்ற வேண்டும். பிரசித்தி பெற்ற உதாரணம், அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1957 முதல் 1986 வரையில் தன் வண்டிகளில் வைத்த '9 அங்குல' அச்சு. கிரவுனின் விட்டம் 9 அங்குலம் ஆதலால் அந்தப் பெயர். அதன் ஆரம்ப காலத்துக் கூடுகளில் அடியில் வடிதுளை இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் பந்தய வண்டிக்காரர்கள் விரும்பிப் பொருத்தும் பலமான அச்சு அது. அதற்குத் தாங்களே அடியில் துளை வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஒரு துளை வைத்தால் அந்த இடத்தில் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும், மரை வெட்டவேண்டும், மூடி செய்யவேண்டும், கசிவுக்கு இன்னோர் இடம் ஏற்பட்டுவிடும், கல் தட்டினால் உடைந்தாலும் உடையும். லட்சக்கணக்கில் வண்டி செய்கிறவனுக்கு ஒவ்வொரு துளையும் ஒரு கணக்கு. வண்டி விற்ற பிறகு ஒரு நாள் அதன் அச்சுக்குள் வெள்ளம் புகும் என்பது அந்தக் கணக்கில் வராது.

நம் நாட்டில் ஏரி வெட்டியவர்களின் கணக்கு வேறு மாதிரி. பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருக்கலாம். புதுக்கோட்டைப் பக்கத்தில் இவை இன்றும் பல உண்டு. அதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். அடியில் உள்ள கல்தொட்டியின் மேற்பக்கத்தில் இருக்கும் துளை நீரோடி. கீழ்ப்பக்கத்தில் இருக்கும் துளைகள் சேறோடி. நீரோடியைத் திறந்தால், பாசனத்துக்குத் தண்ணீர் போவதோடு, அந்த வேகத்தில் அடியில் படிந்த சேறும் சேறோடி வழியாக வெளியேறும். நிரம்புவதற்கு வழி செய்தவன் கழிவதற்கும் வழி செய்தான். நம் வண்டிக்கு நீரோடி இருந்தது, சேறோடி இல்லை.

வீட்டில் நடந்த வாதம்

மெக்கானிக் கிரவுன் செட்டைக் கழற்றிப் பார்த்தார். அடியில் கால் டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. பற்கள் தப்பித்துக்கொண்டன. பினியனின் பேரிங்குகளில் மட்டும் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால், பேரிங் உடைந்து பினியன் சிக்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பின் சக்கரம் இரண்டும் ஒரேயடியாய் நின்றால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஸார்" என்றார். தாயாரும் குழந்தையும் பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த காட்சி நம் கண்முன் வந்தது. சற்று நேரம் பேச்சு எழவில்லை.

பேரிங்குகளை மாற்றுவது நிச்சயமாயிற்று. அதோடு அவர் ஒரு யோசனை சொன்னார். "எல்லாம் கழற்றியிருக்கிற சமயம். அடியில் ஒரு வடிதுளை வைத்துவிடலாமா?"

வீட்டில் பெரிய வாதம் நடந்தது. நம் மனைவியார், "நல்ல இரும்பில் யாராவது ஓட்டை போடுவார்களா? கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்றார். தாயாருக்கோ வேறு கவலை. "அப்பா வைத்துக்கொண்டிருந்த வண்டி. அதைக் குடைய வேண்டுமா?" என்றார். இரண்டும் அலட்சியம் செய்யத்தக்க கேள்விகள் அல்ல. அந்தக் குடம் வெறும் எண்ணெய்ப் பாத்திரமன்று. வண்டியின் பின்பாரத்தைத் தாங்கும் உத்தரம் அது. அதில் தவறாகக் கை வைத்தால், இருந்த குறையைவிடப் பெரிய குறையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்பொழுது குழந்தை கேட்டாள்: "மொட்டைமாடித் தொட்டிக்கு அடியில் குழாய் இருக்கிறதே, அதை யார் ஓட்டை போட்டார்கள்?"

தொட்டி கழுவும்போதெல்லாம் அந்தக் குழாயைத் திறந்து கசண்டு வெளியேறுவதை அவள் பார்த்திருக்கிறாள். அடியில் துளையில்லாத தொட்டியை எப்படிக் கழுவுவது என்பது அவளுக்கு விளங்கவில்லை. நமக்கும் விளங்கவில்லை. வாதம் அதோடு முடிந்தது.

வேலை நடந்த விதம்

மெக்கானிக் முதலில் அச்சுக் கூட்டை வண்டியிலிருந்தே இறக்கிவிட்டார். பெட்ரோல் டாங்கி பக்கத்தில் இருக்கையில் வெல்டிங் நெருப்பைக் காட்டுவது தற்கொலைக்குச் சமம். தவிரவும், பேரிங்குகள் உள்ளே இருக்கும்போது வெல்டிங் செய்தால், மின்சாரம் அவற்றின் வழியே பாய்ந்து குண்டுகளைப் பொரித்துவிடும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்தால் அதன் ஆவி தீப்பற்றும். ஆகையால் கூட்டைக் காலியாக்கி, மண்ணெண்ணெயால் கழுவி, சோடா கரைத்த வெந்நீரால் மறுபடியும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தார்.

அடுத்தது, துளைக்கு இடம் பார்த்தல். குடத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியில் வைத்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடியும். ஆனால் மூடி கீழே நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு வேகத்தடையோ கல்லோ அதைத் தட்டிவிடும். ஆகவே தாழ்ந்த புள்ளியிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளிக் குறித்தார். உள்ளே கிரவுன் எவ்வளவு நெருங்கிச் சுழல்கிறது என்பதையும் கம்பியால் அளந்துகொண்டார். மூடியின் நுனி உள்ளே நீண்டு கிரவுனில் உரசினால், வந்த வெள்ளமே தேவலை என்று ஆகிவிடும்.

நாம் கணக்கு வாத்தியாராதலால் ஒரு சந்தேகம் கேட்டோம். "துளையிட்டு, அந்தத் தகட்டிலேயே மரை வெட்டிவிட்டால் என்ன? வெல்டிங் எதற்கு?"

"தகடு எத்தனை மில்லிமீட்டர்?" என்று திருப்பிக் கேட்டார்.

"நான்கு."

"மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர். எத்தனை மரை பிடிக்கும்?"

மூன்று மரைகூட நிறையவில்லை. நம் கணக்கை நமக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்.

எனவே பக்கத்து லேத் பட்டறையில் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இரும்பு வளையம் கடைந்து வாங்கினார். அதன் உட்புறத்தில் 18 மில்லிமீட்டர் மூடிக்கு ஏற்ற மரை. எட்டுச் சுற்றுப் பிடிப்பு. வளையத்தின் ஒரு பக்கம் படியாகக் கடையப்பட்டிருந்தது. அந்தப் படி, தகட்டில் இட்ட துளைக்குள் சரியாக உட்கார்ந்து, உட்புறத் தகட்டோடு சமமாக நின்றது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வளையம் உள்ளே ஒரு நூல் உயர்ந்து நின்றால்கூட, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தது போல் ஆகிவிடும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்பொழுதும் தேங்கும். துளை வைத்தும் பயனில்லை.

வெல்டிங்கை ஒரே மூச்சில் சுற்றிப் போடவில்லை. எதிரெதிராக நாலு பக்கமும் முதலில் பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்தார். பிறகு சிறிது சிறிதாக, நடுநடுவே ஆறவிட்டு, சுற்றை முடித்தார். ஒரே இடத்தில் சூடு அதிகமானால் இரும்பு சுருங்கி அச்சு வளைந்துவிடும். வளைந்த அச்சு டயர்களைத் தின்னும். வண்டியைக் கூட்டி முடித்த பிறகு, இரு பின் சக்கரங்களின் விளிம்புகளுக்கு நடுவேயுள்ள தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளந்து பார்த்தார். இரண்டும் சமமாக இருந்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

அதற்கு முன்பே, கிரவுன் செட்டைப் பூட்டாமல், கசிவுப் பரீட்சை ஒன்று நடத்தினார். "ஸார், நாளைக்கு வரும்போது பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி இரண்டு கொண்டுவாருங்கள்" என்றார். நம்முடைய தொழிற்கருவிக்கும் அந்தப் பட்டறையில் வேலை இருப்பது கண்டு நமக்குப் பெருமையாக இருந்தது. பற்றவைத்த இடத்தைச் சுற்றி வெளிப்புறத்தில் சாக்குக்கட்டியை வெள்ளையாகப் பூசினார். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தார். தண்ணீர் நுழையாத இடத்திலும் மண்ணெண்ணெய் நுழைந்துவிடும். மயிரிழைப் பிளவு இருந்தாலும் வெள்ளையில் கறை காட்டிவிடும். மறுநாள் காலையில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பரீட்சையில் முழு மதிப்பெண் கொடுத்தோம்.

மூடிக்குச் செம்பு வாஷர் போட்டார். மூடியின் உள்நுனியில் ஒரு சிறு காந்தம் பதித்திருந்தது. பற்கள் தேய்வதால் உண்டாகும் இரும்புப் பொடியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு கழற்றிப் பார்த்தோம். காந்தத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற குழம்பு இருந்தது. விரலால் தேய்த்தால் நெருநெருக்கவில்லை. அது இயல்பான தேய்மானம். துண்டுகளோ செதில்களோ அகப்பட்டிருந்தால், உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். பேரிங்குகளுக்கும் அவற்றைப் பொருத்துவதற்கும் 8,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வளையம், வெல்டிங், மூடி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்தான்.

நேயர்களுக்குச் சில வார்த்தைகள்

இதைப் படித்ததும் துளைபோடும் யந்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகவேண்டாம். முதலில் உங்கள் வண்டியில் வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் உண்டு. கழற்றும் மூடி உள்ள அச்சானால் அதுவே போதும். முன் சக்கரங்களை ஓட்டும் இக்காலத்துச் சிறு கார்களில் இந்தப் பின் அச்சு யந்திரமே கிடையாது. துளையும் கழற்றும் மூடியும் இல்லாத பழைய வண்டியாக இருந்தால் மட்டும், வேறு காரணத்துக்காகக் கிரவுன் செட்டைக் கழற்றும் சமயம் பார்த்து இதைச் செய்யலாம். கழற்றாமலே, துளையிடும் அலகில் கிரீஸைத் தடவி இரும்புத் துகளைப் பிடித்துக்கொண்டு துளைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். தப்பிய ஒரு துகள் பேரிங்குக்குள் போனால் செய்த நன்மை அவ்வளவும் வீண்.

எண்ணெய் மாற்றுபவர்கள் ஒரு விதியை மறக்கக்கூடாது. வடிக்கும் மூடியைத் திறப்பதற்கு முன்பு, ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு, மேல்மூடி துருப்பிடித்துக் கழல மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடித்தால், எண்ணெய் இளகிக் கசண்டையும் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியை ஓட்டாமலே வடிக்க வேண்டும். ஓட்டினால் தண்ணீரும் எண்ணெயும் கடைந்து மோராகிவிடும். மேலேயுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மறுபடியும் ஒரு டிசம்பர்

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை மறுபடியும் நீரில் மிதந்தது. நம் வண்டியின் சக்கரங்கள் பாதிக்கு மேல் மூழ்கி ஒரு நாள் முழுவதும் நின்றன. நீர் வடிந்த அன்று காலை, வண்டியைக் கிளப்பவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நாம் வெளியே வருவதற்குள், வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பதினாறு வயதாகிவிட்ட நம் பெண் பழைய சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஸ்பானரும் ஒரு பழைய பேசினும் இருந்தன.

"மேல் மூடியைத் திறந்தாயா?" என்று கேட்டோம்.

"அதுதான் முதல் விதி ஆயிற்றே, அப்பா!" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

பிறகு கீழ்மூடியைத் திருகினாள். முதலில் தெளிந்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவு கொட்டிற்று. அதன் பின்னால் கறுத்த எண்ணெய் கனமாக இறங்கிற்று. கந்தக நாற்றம் தெருவெல்லாம் பரவிற்று. காந்தத்தைத் துடைத்து, விரலால் தேய்த்துப் பார்த்து, "நெருநெருப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எல்லாம் கால்மணி நேர வேலை. 2015-ல் ஒரு பட்டறையும் ஒரு பம்பும் ஒரு பில்லும் சேர்ந்து செய்யமுடியாதிருந்த வேலை அது.

தாயார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உன் அப்பா இருந்திருந்தால், இந்த ஓட்டையை வைத்துக்கொண்டுதான் வண்டியையே வாங்கியிருப்பார்" என்றார்.

புது எண்ணெய் வாங்கிவர நாம் கடைக்குப் புறப்பட்டோம். வேஷ்டியில் ஒரு கறுப்புக் கறை. அதைத் துடைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.